பச்சோந்திக் குஞ்சுக்கு மாவுப்புழு மட்டும் போதுமா?

கேள்வி:
வணக்கம். ஏறத்தாழ மூன்று மாத வயதுடைய ஏமன் பச்சோந்திக் குஞ்சு ஒன்றை இரண்டு வாரங்களாக வளர்த்து வருகிறேன். கிண்ணத்தில் இட்டால் தப்பி ஓடாது என்பதால், இதுவரை மாவுப்புழுக்களை மட்டுமே கொடுத்து வந்தேன். நேற்று அதன் எச்சத்தில் புழுக்களின் தோல் செரிக்காமல் அப்படியே கிடந்தது. சுவர்க்கோழிக்கு மாறிவிடலாமா? எந்த அளவில், எத்தனை தர வேண்டும்?

மறுமொழி 1:
எச்சத்தில் தோல் தெரிவது மட்டுமே நோயின் அறிகுறி ஆகாது. குஞ்சு சுறுசுறுப்பாக இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் மாவுப்புழுவில் கொழுப்பு மிகுதி. கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பன்மடங்கு கூடுதல். எலும்பு வளரும் பருவத்தில் இதையே நாள்தோறும் உண்டால், கால்கள் வளைந்து, தாடை மென்மையாகிவிடும் எலும்பு நோய்க்கு அது வழிவகுக்கும். சுவர்க்கோழியை அன்றாட உணவாக்குங்கள். குஞ்சின் இரு கண்களுக்கும் இடைப்பட்ட அகலத்தைவிடப் பூச்சியின் நீளம் கூடாது என்பது எளிய அளவுகோல். எண்ணிக்கையைவிட நேரத்தைக் கணக்கில் கொள்வது நல்லது: இந்த வயதில் நாளுக்கு இரு வேளை, ஒவ்வொரு வேளையும் கால் மணி நேரத்தில் தின்று முடிக்கும் அளவு போதும்.

சுவர்க்கோழியிலும் இயல்பாகவே கால்சியம் குறைவுதான். ஆகவே கொடுப்பதற்கு முந்தைய 24 மணி நேரமாவது அதற்குக் கீரை, கேரட், பூசணி ஆகியவற்றை நன்றாகத் தின்னக் கொடுங்கள். பட்டினி கிடந்த பூச்சி வெறும் ஓடுதான். பிறகு வைட்டமின் டி3 சேராத கால்சியம் தூளை ஒரு டப்பாவில் சிட்டிகையளவு இட்டு, பூச்சிகளையும் போட்டு மெல்லக் குலுக்கினால் மெல்லிய வெண்படலம் படியும். மாவில் புரட்டிய பஜ்ஜி போலாகிவிட்டால் குஞ்சு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். புற ஊதா பி கதிர் விளக்கு இல்லையெனில், இத்தனை செய்தும் அந்தக் கால்சியம் உடலில் சரிவரச் சேராது.

மறுமொழி 2:
மேலே சொன்னதில் எனக்கு உடன்பாடே; ஆனால் சுவர்க்கோழியோடு நின்றுவிட வேண்டாம். மென்மையான பட்டுப்புழுவும், பூச்சிகளுள் அரிதாகக் கால்சியம் மிகுந்த கறுப்புச் சிப்பாய் ஈயின் புழுவும் நல்ல மாற்று. டூபியா கரப்பான் சத்துள்ளதுதான், ஆனால் ஆபத்தை உணர்ந்தால் அசையாமல் பதுங்கிவிடும். அசைவைப் பார்த்தே நாவை நீட்டும் பச்சோந்தி, எதிரில் இருக்கும் உணவையும் கவனிக்காமல் போகும். எனவே வழவழப்பான கிண்ணத்தில் வைத்துக் கொடுங்கள். மெழுகுப்புழு எப்போதாவது ஒன்று போதும். மின்மினியை மட்டும் மறந்தும் கொடுத்துவிடாதீர்கள், ஒன்றே உயிரைப் பறிக்கும் நஞ்சு. பூச்சிமருந்து படிந்திருக்கக்கூடும் என்பதால் வெளியில் பிடித்த பூச்சிகளையும் தவிர்த்துவிடலாம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இன்று காலை ஆறு சிறு சுவர்க்கோழிகளை விட்டேன். முதலில் ஒரு கண்ணை மட்டும் சுழற்றிப் பார்த்தது, பின்பு இரு கண்களும் ஒரே பூச்சியின்மீது நிலைத்த கணத்தில் நாக்கு பாய்ந்தது. நான்கை உண்டுவிட்டது. எஞ்சிய இரண்டும் இலைகளுக்குள் ஒளிந்துகொண்டன. இரவு அங்கேயே இருக்கட்டுமா?

மறுமொழி 2:
வேண்டாம், விளக்கு அணைக்கும் முன் பிடித்துவிடுங்கள். என் முதல் பச்சோந்தி உறங்கும்போது, கூண்டில் விட்டுவைத்த சுவர்க்கோழி அதன் வால் நுனியைக் கடித்துப் புண்ணாக்கிவிட்டது. இரண்டில் ஒன்று சிக்காமல் போனால், கூண்டின் தரையில் ஒரு கேரட் துண்டை வையுங்கள். இருட்டியதும் தானே தேடி வரும்.