குப்பம்மாள், மூக்கன், பிச்சை: பெயர்க் காரணம் திரட்ட உதவி தேவை

வணக்கம். பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்துத் தவறிய வீடுகளில் அடுத்த குழந்தைக்கு வைத்த பெயர்களைத் திரட்டுகிறோம். குழந்தையைக் குப்பையில் போட்டு எடுத்தால் குப்பம்மாள், குப்புசாமி. மூக்குக் குத்தினால் மூக்கன், மூக்காயி. பிச்சையாகக் கிடைத்த பிள்ளை என்றால் பிச்சை, பிச்சம்மாள். உங்கள் ஊரில் வழங்குபவற்றை அனுப்புங்கள்.

பெயரோடு மாவட்டம், குலசாமி, எத்தனையாவது பிள்ளை, யாருடைய பெயரைப் பிள்ளைக்கு வைத்தார்கள் என்பதும் வேண்டும். கடைசித் தகவல்தான் முக்கியம். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம் என்பதால், இன்றைய மூக்கனுக்கு மூக்கே குத்தாமல் இருந்திருக்கலாம். காரணம் இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்னால் இருக்கலாம். அங்கே போய்க் கேட்காமல் எழுதினால் தப்பாகிவிடும்.

ஆங்கிலத்தில் உள்ள ஆவணத்தைப் பார்த்து எழுதவே வேண்டாம். அதில் குறில் நெடிலும் தெரியாது, டகரம் தகரமும் தெரியாது. சுடலைமாடனின் மாடன், திரும்பத் தமிழுக்கு வரும்போது மதன் ஆகி, மன்மதன் என்று பொருளும் சொல்லிவிடுவார்கள்! பழைய தமிழ்ப் பத்திரம், கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு இருந்தால் அதில் உள்ள எழுத்தையே அப்படியே தாருங்கள்.

குழந்தைப் பெயர்ப் புத்தகத்து விளக்கங்கள் வேண்டாம். இயக்கியிலிருந்து வந்த இசக்கி, ஐயனார் பெயரான சாத்தன் வழிவந்த சாத்தையா, சாத்தப்பன் போன்ற சாமி பெயர்களைத் தனியாகக் குறியுங்கள். உயிரோடு இருப்பவர்களின் முழுப்பெயர், முகவரி போட வேண்டாம்.

தென்மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு கேள்வி: மூக்குக் குத்தியது வலப்பக்கமா, இடப்பக்கமா? எந்த வயதில்?