சனிக்கிழமை ஆறு (குடும்பக் குழு)

அண்ணன்: சனிக்கிழமை மீன்பிடிக்க ஃப்ளை, அதாவது முள்ளில் இறகும் ரோமமும் சுற்றிச் செய்யும் போலிப் பூச்சி, கட்ட உட்காருகிறேன். என்ன கட்டட்டும்? போன தடவை மீன் கண்ணெதிரே எழும்பிக்கொண்டே இருந்தது. போட்ட எதையும் தொடவில்லை.

அத்தை: அப்பாவின் ஃப்ளை பெட்டியில் இருப்பதையே எடுத்துப் போங்களேன்

பெரியப்பா: பெட்டி யாரிடம் இருக்கிறது என்று முதலில் கேள்

நான்: மறுபடியுமா

சித்தப்பா: அண்ணா, பெட்டி என்னிடம் பத்திரமாக இருக்கிறது, சனிக்கிழமை கொண்டு வருகிறேன். ஆனால் பெட்டியைப் பார்த்து முடிவு பண்ண வேண்டாம். வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது ஆற்றுக்குப் போய் என்ன பூச்சி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து கட்டட்டும். இருட்டத் தொடங்கினால்தான் நிறைய பூச்சி கல்லை விட்டுவிட்டு நீரோட்டத்தோடு போகும். கரையோரச் சிலந்தி வலைகளையும் விடாதே. சமீபத்தில் பறந்தது எது என்று அதில் ஒட்டியிருக்கும்.

குட்டி: நானும் வருகிறேன்

சித்தி: பரீட்சை

குட்டி: திங்கள்தானே

பெரியப்பா: கார் எத்தனை மணிக்கு?

நான்: ஐந்து?

சித்தி: ஐந்தரை

அண்ணன்: எங்கே பார்ப்பது சித்தப்பா?

சித்தப்பா: முழங்காலுக்குக் குறைந்த ஆழம், நீர் சலசலத்து ஓடும் இடம். கல்லை மெதுவாகத் தூக்கி அடிப்பக்கம் பார். வயிற்றின் இருபுறமும் செவுள் படபடக்க ஓடினால் அது மேஃப்ளை என்கிற பூச்சியின் நிம்ஃப், அதாவது தண்ணீரில் வாழும் இறக்கையில்லாத இளம் பருவம். பெரும்பாலும் மூன்று வால் இருக்கும், சிலதுக்கு இரண்டுதான். அதனால் வாலை மட்டும் எண்ணி முடிவு பண்ணாதே, கால் நுனியைப் பார். மேஃப்ளைக்கு ஒரு நகம், ஸ்டோன்ஃப்ளை என்கிற இன்னொரு ஆற்றுப் பூச்சிக்கு இரண்டு. மணலும் சுள்ளியும் ஒட்டிய சின்னக் குழாய் இருந்தால் அது காடிஸ் என்கிற பூச்சியின் புழு வாழும் வீடு. புழு தானே பட்டு சுரந்து ஒட்டியது. பார்த்து முடித்ததும் கல்லை இருந்தபடியே வைத்துவிடு. அடியில் இருப்பவற்றுக்கு அதுதான் கூரை.

அத்தை: பூச்சியின் நகமா? எனக்குப் பூச்சியே தெரியாது

நான்: லென்ஸ் நான் கொண்டு வருகிறேன்

அத்தை: அப்புறம், என் சல்லடையை யாரும் தொடக்கூடாது. போன தடவை ஆற்றுக்குப் போனது இன்னும் வரவில்லை

பெரியப்பா: அதுவும் பெட்டியோடு இருக்கும்

சித்தி: இங்கே இல்லை அண்ணி, தேடிவிட்டேன்

சித்தப்பா: சல்லடை வேண்டாம் அக்கா. இரண்டு குச்சிக்கு நடுவே கொசுவலைத் துணி கட்டினால் போதும். ஒருவர் வலையை நீரோட்டத்துக்குக் குறுக்கே பிடிக்க, இன்னொருவர் அதற்கு முன்னால் நீர் வரும் பக்கத்தில் நின்று காலால் கல்லைக் கிளற வேண்டும். வந்து விழுவதைத் தட்டில் போட்டுப் பார்க்கலாம்.

குட்டி: கிளறுவது நான்

சித்தி: தண்ணீரில் இறங்கினால் பார்

அண்ணன்: ஃபோட்டோ எடுத்து வந்தால் போதுமா?

சித்தப்பா: போதும், ஆனால் தண்ணீரில் வைத்தே எடு. வெள்ளைத் தட்டில் ஒரு விரல் ஆழத்துக்கு ஆற்று நீர். வெளியே எடுத்தால் செவுளும் வாலும் உடம்போடு படிந்துவிடும், அதைப் பார்த்துக் கட்டினால் செத்த பூச்சிதான் வரும். பக்கத்தில் ஒரு தூண்டில் முள் வைத்து எடு, அளவு தெரியும். முதலில் அளவு, அப்புறம் உருவம், அதற்குப் பிறகுதான் நிறம்.

குட்டி: முள்ளில் எண் பெரிதானால் முள்ளும் பெரிதா?

சித்தப்பா: தலைகீழ். 12ஐ விட 18 சின்னது.

பெரியப்பா: ஐந்தா ஐந்தரையா

அண்ணன்: எழும்பிய மீனுக்கு வருகிறேன். அது மேலே இருந்த பூச்சியைத்தானே தின்றிருக்கும்?

சித்தப்பா: மூக்கு தெரிந்ததா, முதுகு தெரிந்ததா?

அண்ணன்: முதுகும் துடுப்பும். மூக்கைப் பார்த்த ஞாபகம் இல்லை.

சித்தப்பா: அப்படியானால் பெரும்பாலும் மேலே உட்கார்ந்த பூச்சி இல்லை. இறக்கை முளைக்கும் பூச்சி பரப்புக்குச் சற்றுக் கீழே தோலை உரித்து வெளிவரத் தவிக்குமே, அதைத்தான் தின்றிருக்கும். அந்த நேரத்தில் பூச்சியால் ஓட முடியாது, மீனுக்குச் சுலபம். நீ என்ன போட்டாய்?

அண்ணன்: மிதப்பது

சித்தப்பா: அதுதான்.

குட்டி: மேஃப்ளைக்கு வாயே இல்லையாமே

சித்தப்பா: இருக்கிறது, ஆனால் வளர்ந்த பிறகு எதுவும் சாப்பிடாது. இறக்கை வந்த பின்னும் இன்னொரு தடவை தோல் உரிப்பது பூச்சிகளிலேயே அது மட்டும்தான். முதலில் இறக்கை மங்கலாக இருக்கும், உரித்த பிறகு பளிச்சென்று தெளிவாகிவிடும். உட்காரும்போது இறக்கையைப் பாய்மரம் மாதிரி நிமிர்த்தி வைத்திருக்கும். காடிஸ் முதுகின் மேல் இருபுறமும் சரிவாகப் போட்டிருக்கும். பத்தடி தூரத்திலேயே பிரித்துச் சொல்லலாம்.

அத்தை: அப்பாவும் இப்படித்தான், சோறு ஆறினாலும் சொல்லி முடிக்க மாட்டார்

சித்தப்பா: அப்பா கட்டியவற்றில் கால் இருக்காது, கவனித்திருக்கிறீர்களா?

பெரியப்பா: கட்டச் சோம்பல்

சித்தப்பா: இல்லை அண்ணா. இங்கிலாந்தில் ஏவன் ஆற்றைப் பராமரித்து வந்த ஃபிராங்க் சாயர் என்பவரின் முறை அது. மேஃப்ளைகளில் சில வகை நிம்ஃப் நீந்தும்போது கால்களை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளும். அவர் அதைப் பார்த்துத்தான் காலே இல்லாமல் கட்டினார். ஃபெசன்ட் என்கிற பறவையின் வால் இறகும் மெல்லிய செம்புக் கம்பியும் மட்டும். நூல்கூட கிடையாது, கம்பியே கட்டும், கம்பியே கனமும் தரும். அப்பா இதை எனக்கு உட்கார வைத்துச் சொல்லித் தந்தார்.

பெரியப்பா: எனக்குச் சொன்னதே இல்லை

அத்தை: நீ எங்கே அவரோடு உட்கார்ந்தாய் அண்ணா

பெரியப்பா: நான் வேலைக்குப் போனதால்தான் நீங்கள் எல்லாரும் உட்கார்ந்தீர்கள்

நான்: பெரியப்பா, வெள்ளிக்கிழமை நீங்களும் வாருங்களேன். வலை பிடிக்க ஆள் வேண்டும்

பெரியப்பா: பார்க்கலாம்

அண்ணன்: சரி, கால் இல்லாமல் நாலு கட்டுகிறேன். நிறம்?

சித்தப்பா: வெள்ளிக்கிழமை பார்க்காமல் எதையும் கட்டாதே. நிறத்துக்குப் பூச்சியைப் புரட்டி வயிற்றைப் பார். மிதக்கும் ஃப்ளையை மீன் கீழேயிருந்துதான் பார்க்கிறது, நாம் முதுகைப் பார்த்து ஏமாறுகிறோம். கட்டப்போகும் ரோமத்தையும் நனைத்துவிட்டு ஒப்பிடு, ஈரமானால் நிறம் கறுக்கும்.

அண்ணன்: வெள்ளி இரவு கட்டி சனி காலை ஐந்துக்குக் கிளம்புவதா?

சித்தி: ஐந்தரை

நான்: இரண்டு வகை போதும், ஒன்று மூழ்குவது, ஒன்று பரப்போடு நிற்பது

அண்ணன்: பார்த்துவிட்டுச் சொல்கிறேன்

சித்தி: தட்டு நீலம் இருக்கிறது, பரவாயில்லையா?

சித்தப்பா: வெள்ளைதான் வேண்டும். நீலத்தில் பூச்சியின் நிறம் தப்பாகத் தெரியும்.

அத்தை: வெள்ளைத் தட்டு என்னிடம் இருக்கிறது. சல்லடை வந்தால் தட்டு வரும்