பெல் 47 ஹெலிகாப்டர்: பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு மனதில் நிற்பது எது?

கிரீஸ்கை:
47ஜி ஸ்டார்ட் ஆகிற நேரம். சுழல் வேகம் காட்டும் டயல் ஒன்று, ஊசி இரண்டு: எஞ்சினுக்கு ஒன்று, மேலே பிளேடுகளோடு சுற்றும் ரோட்டாருக்கு ஒன்று. எஞ்சின் ஊசி முதலில் ஏறிவிடும். ரோட்டார் ஊசி படுத்தே கிடக்கும். வேகம் ஏறினால் தானாகவே எஞ்சினை ரோட்டாரோடு இணைக்கும் சென்ட்ரிஃபியூகல் கிளட்ச் பிடிக்கப் பிடிக்க அதுவும் எழுந்து வந்து மற்றதோடு ஒட்டும். அந்த ஒட்டுகிற கணம்தான். அதற்குள் அவசரப்பட்டு த்ராட்டிலை முறுக்கினால் கிளட்ச் ஷூ வழுக்கித் தேயும், சுமையில்லாத எஞ்சின் எகிறும். ஒட்டியபின் விகிதம் 9-க்கு 1: எஞ்சின் நிமிடத்துக்கு 3,100 சுற்று என்றால் ரோட்டார் சுமார் 344. பறக்கையில் எஞ்சின் ஊசி மட்டும் கீழே விழுந்தால் கலெக்டிவை (எல்லாப் பிளேடுகளின் கோணத்தையும் ஒன்றாக மாற்றும் நெம்புகோல்) உடனே இறக்கணும், யோசிக்க நேரமில்லை. உலகின் முதல் ஹெலிகாப்டரிலேயே இவ்வளவு நுணுக்கம்!

பழைய இரும்பு:
முதல் ஹெலிகாப்டரா? சிகோர்ஸ்கியின் விஎஸ்-300 1939-லேயே தரையை விட்டு எழுந்துவிட்டது. அவருடைய ஆர்-4 ஹெலிகாப்டர் இரண்டாம் உலகப் போர்க்காலத்திலேயே வரிசையாகத் தயாரானது. 47-க்கு உரிய பெருமை வேறு: 1946 மார்ச் 8 அன்று அமெரிக்க சிவில் விமான நிர்வாகம் தந்த எச்-1 சான்றிதழ். சிவில் உபயோகத்துக்கு அப்படிச் சான்று வாங்கிய முதல் ஹெலிகாப்டர் இதுதான். பெருமையைச் சரியான இடத்தில் வையுங்கள்.

தராசு:
ஊசியை விடுங்கள். ரோட்டார் தலைக்குக் கீழே, பிளேடுகளுக்குக் குறுக்கே, இரு முனையிலும் எடை வைத்த ஒரு தடி சுற்றுமே, அதைப் பாருங்கள். இதை வடிவமைத்த ஆர்தர் யங் சிறு மாடல்களைப் பறக்கவிட்டுப் பறக்கவிட்டுக் கண்டுபிடித்தது. மாஸ்ட் (ரோட்டாரைத் தாங்கும் தண்டு) சாய்ந்தாலும் தடி பழைய தளத்திலேயே சுற்றப் பார்க்கும். அந்த வித்தியாசம் லிங்க் வழியாகப் பிளேடு கோணத்தைத் திருத்தும். ஆனால் தடி பிடிவாதமாகவே இருந்தால் பைலட் திருப்ப முடியாது. அதனால்தான் இரண்டு ஹைட்ராலிக் டேம்பர்கள் (எண்ணெயால் அசைவைத் தணிப்பவை), தடியை மெதுவாக மாஸ்டின் பின்னால் இழுத்துவர. ஒன்றில் எண்ணெய் கசிந்து இரண்டும் ஒரே வேகத்தில் நகராவிட்டால் ரோட்டார் தள்ளாடும். கசிவைப் பார்த்தால் இரண்டையும் சேர்த்தே சரிபாருங்கள், ஒன்றை மட்டும் அல்ல.

மரப்பிளேடு:
கொடி பிடித்து டிராக் பார்ப்பதுதான், அதாவது பிளேடு முனைகள் ஒரே உயரத்தில் சுற்றுகின்றனவா என்று பார்ப்பதுதான் எனக்கு. யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஒரு பிளேடு முனையில் சிவப்பு சாக்பீஸ், இன்னொன்றில் நீலம். கம்பத்தில் இறுக்கிக் கட்டிய துணியைச் சுற்றும் முனைக்கு மெல்லச் சாய்த்து, பட்டதும் உடனே எடுக்கணும். அடித்தால் துணி விலகிப் போகிற பக்கமாகத்தான் நிற்கணும், எதிர்ப்பக்கம் அல்ல. இரண்டு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் டிராக் சரி. இடைவெளி இருந்தால் மேல் எது, கீழ் எது என்று குறித்துக்கொண்டு, எஞ்சினை நிறுத்தியபின் திருத்தம். பழைய மாடல்களில் பிளேடு மரம். மழையில் நின்று ஒன்று மட்டும் ஈரம் குடித்தால் நேற்று சரியாக இருந்த டிராக் இன்று தப்பும், பேலன்ஸும் போகும். கேபின் மேலும் கீழும் குதித்தால் முதலில் டிராக்கைப் பாருங்கள். பக்கவாட்டில் ஆட்டினால் பேலன்ஸை. இரண்டையும் ஒரே ஓட்டத்தில் மாற்றினால் எது எதைக் கெடுத்தது என்று தெரியாது.

பழைய இரும்பு:
காற்று வீசும் நாளில் கொடியை எடுக்காதீர்கள் என்பதை விட்டுவிட்டீர்களே.