மறுபடியும் நிற்கிறார்: சேலத்துச் சுயேச்சைகளோடு நம் அனுபவங்கள்

குகை ஜெராக்ஸ்காரன்

சேலத்தில் குகை என்கிற பகுதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். தேர்தல் தேதி அறிவித்த மறுநாள் காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே ஒருவர் வாசலில் நிற்பார். கையில் மஞ்சள் பை, பைக்குள் போன தேர்தலில் கொடுத்த மனுவின் நகல். "தம்பி, இதே மாதிரி ஒரு செட்டு புதுசாப் போடணும்" என்பார். வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கிற வேலை. விரல் நுனியெல்லாம் சூடுபட்டுத் தடித்திருக்கும். பெயரைச் சொல்ல வேண்டாம், அண்ணன் என்றே எழுதுகிறேன்.

2006 சட்டமன்றத் தேர்தலில் தொடங்கினார். அதற்குப் பிறகு 2014 ஒன்றைத் தவிர சட்டமன்றம், நாடாளுமன்றம், மாநகராட்சி வார்டு என்று எதையும் விடவில்லை. நோட்டீஸில் எப்போதும் ஒரே கோரிக்கைதான்: திருமணிமுத்தாற்றில் சாக்கடை கலக்கக்கூடாது. சேர்வராயன் மலையில் பிறந்து, நம் ஊருக்குள் சுகவனேஸ்வரர் கோயிலை ஒட்டி ஓடி, நாமக்கல் மாவட்டம் வழியாகக் காவிரியில் சேர்கிற ஆறு. சிறு வயதில் அதில் குளித்ததை அண்ணன் இன்றைக்கும் சொல்வார். என் வயதுக்காரர்களுக்கு அது மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைக் கடக்கிற இடம்.

நான் அவரோடு நெருங்கியது 2011-ல். அங்கீகாரம் பெற்ற கட்சிக்காரர் என்றால் மனுவை முன்மொழிய ஒருவர் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும், பத்துப் பேரும் அதே தொகுதியின் வாக்காளராக இருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் வாக்காளர் பட்டியலில் உள்ள பாகம் எண், வரிசை எண் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஒன்பது பேர் தேறிவிட்டார்கள். பத்தாவது ஆளாக என்னைக் கேட்டார், போட்டேன்.

அந்தத் தேர்தலில்தான் பழைய சேலம் 1, சேலம் 2 போய், சட்டமன்றத்துக்கு வடக்கு, தெற்கு, மேற்கு என்று புதுத் தொகுதிகள் வந்தன. எங்கள் பத்துப் பேரில் ஒருவர் வீடு மாறிப் போயிருந்தார். அவர் பெயர் வடக்குத் தொகுதிப் பட்டியலில் ஏறியிருந்தது எங்கள் யாருக்கும் தெரியவில்லை. பரிசீலனை நாளான மார்ச் 28 அன்று மனு தள்ளுபடி. அண்ணன் வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, "என் தப்புதான் தம்பி, பட்டியலை நான் பார்த்திருக்கணும்" என்றார். வேறு யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மனு தள்ளுபடியானால் டெபாசிட் திரும்பக் கிடைக்கும். கையில் கொடுத்த பணத்தை எண்ணாமலே பைக்குள் வைத்துக்கொண்டார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இந்த மாதிரி ஆட்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எழுதுங்கள்.

மேட்டூரான்

சேலம் மாவட்டத்தில் இதைப் பேசினால் எங்கள் ஊர் பத்மராஜனில்தான் தொடங்க வேண்டும். டயர் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர். 1988-ல் மேட்டூரில் முதல் மனு. அப்புறம் நரசிம்ம ராவ், வாஜ்பாய், மன்மோகன் சிங், கருணாநிதி, ஜெயலலிதா, மோடி என்று பெரிய தலைகளை எதிர்த்தே மனு போட்டார். 2019-ல் வயநாட்டில் ராகுல் காந்தியை எதிர்த்தும் நின்றார். 2024 வரை 238 தடவைக்கு மேல் மனு போட்டிருக்கிறார். லிம்கா சாதனைப் புத்தகத்தில் இடம் கிடைத்தது. தேர்தல் மன்னன் என்றுதான் பத்திரிகைகள் எழுதும்.

வெளியூர்க்காரர்கள் அந்த எண்ணிக்கையை மட்டும்தான் பார்க்கிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு எண். 2011 சட்டமன்றத் தேர்தலில் சொந்தத் தொகுதியான மேட்டூரில் அவர் வாங்கியது 6,273 ஓட்டு. கட்சி இல்லை, கொடி இல்லை, ஜெயிக்க மாட்டார் என்று ஊருக்கே தெரியும். அப்படியும் ஆறாயிரம் பேர் சாவடிக்குள் போய், அவர் பெயரைத் தேடி அழுத்தியிருக்கிறார்கள். 2024-ல் அவர் நின்றது தருமபுரி நாடாளுமன்றத் தொகுதி. மாவட்டம் சேலமாக இருந்தாலும் மேட்டூர் சட்டமன்றத் தொகுதி அதில்தான் வருகிறது.

ஏற்காடு டீச்சர்

மலையில் பள்ளி ஆசிரியை, தேர்தல் பணிக்குப் பலமுறை போயிருக்கிறேன். ஏற்காடு தனித் தொகுதி, பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. நாடாளுமன்றத்துக்கு நாங்கள் கள்ளக்குறிச்சியில் சேர்ந்தவர்கள். அதில் நிற்கிற சுயேச்சை, ரிஷிவந்தியத்தில் ஆரம்பித்துக் கொண்டை ஊசி வளைவுகள் ஏறி எங்கள் காப்பித் தோட்டம் வரைக்கும் வந்து ஓட்டுக் கேட்க வேண்டும். யாரால் முடியும்? பெரும்பாலும் வருவதில்லை.

2019-ல் ஒருவர் வந்தார். பேருந்தில் இறங்கி, மழைக்கோட்டு மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு, தனியாகச் சந்தையில் நோட்டீஸ் கொடுத்தார். ஒரு பாட்டி, "ஏம்ப்பா, உன்கூட யாரும் வரலையா?" என்று கேட்டு டீ வாங்கிக் கொடுத்ததைப் பார்த்தேன்.

வாக்குப்பதிவு அன்று விடியற்காலை மாதிரி வாக்குப்பதிவு நடத்துவோம். குறைந்தது 50 ஓட்டாவது போட வேண்டும், நோட்டா உட்பட எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்க்க வேண்டும். பெரிய கட்சிக்காரர்களின் முகவர்கள் தங்கள் பொத்தானைத் தாங்களே அழுத்திப் பார்ப்பார்கள். முகவரே இல்லாத சுயேச்சைகளுக்கு நாங்கள் அழுத்துவோம். அன்றைக்கு அந்த மழைக்கோட்டுக்காரருக்கு மூன்று ஓட்டு நான் போட்டேன். போட்ட ஓட்டைச் சீட்டாகக் காட்டுகிற இயந்திரத்தின் கண்ணாடிக்குள் அவர் சின்னத்தோடு சீட்டு விழுவதை நின்று பார்த்தேன். பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அந்தச் சீட்டுகளின் பின்னால் முத்திரை குத்திக் கறுப்பு உறையில் போட்டு மூடினோம். ஏழு மணிக்கு வரிசை வந்துவிட்டது.

முகவர்கள் பெஞ்சில் அவருக்கு ஆள் இல்லை. ஆனால் அவர் பெயரும் படமும் மற்றவர்களுக்கு இருக்கிற அதே அளவில் இயந்திரத்தில் இருந்தன. அந்த ஒரு இடத்தில்தான் அவரும் அமைச்சரும் ஒரே உயரம். பணி நேரத்தில் எனக்குக் கண் கலங்கியது அந்த ஒரு முறைதான்.

வாழப்பாடி வாக்காளன்

நாங்களும் ஏற்காடு தொகுதிதான். 2013 டிசம்பர் இடைத்தேர்தலில் தமிழ்நாட்டிலேயே முதல்முறையாக நோட்டா வந்தது எங்கள் இயந்திரத்தில். எந்தச் சுயேச்சை எந்த ஊர் என்றுகூட எனக்குத் தெரியாது, யாரும் வீட்டுப் பக்கம் வரவில்லை. டீச்சர் சொன்னவர் மாதிரி ஒருவர் வந்திருந்தால் நோட்டாவை அழுத்தியிருக்க மாட்டேன்.

அம்மாபேட்டை தறிக்காரர்

எல்லோரும் நெகிழ்ந்து எழுதுகிறீர்கள், சரி. ஆனால் சுயேச்சை எல்லாரும் இப்படி இல்லை. வேட்பாளரின் அதே பெயரில் இரண்டு பேரைத் தேடிப்பிடித்து நிறுத்துவது, வாக்கு எண்ணும் மேஜையில் உட்கார ஆள் கிடைக்கும் என்று பெயருக்கு ஒரு டம்மி வேட்பாளரைப் போடுவது, இதெல்லாம் நம் ஊரிலேயே நடப்பதுதான். பட்டியல் நீண்டால் வயதானவர்கள் தங்கள் சின்னத்தைத் தேடித் தடுமாறுகிறார்கள். 1996-ல் பக்கத்து மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்று, வாக்குச்சீட்டையே புத்தகமாகத் தைத்துக் கொடுத்தது நினைவிருக்கும். அது விவசாயிகள் தங்கள் குறையைச் சொல்ல எடுத்த வழி, நான் குறை சொல்லவில்லை. அந்த ஆண்டே சட்டத்தைத் திருத்தினார்கள். சட்டமன்ற டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, சுயேச்சைக்குப் பத்து முன்மொழிபவர்கள் என்ற விதி வந்தது. இப்போது சட்டமன்றத்துக்கு 10,000, நாடாளுமன்றத்துக்கு 25,000. பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாவிட்டால் அந்தப் பணம் போச்சு.

டம்மிக்கு அந்தப் பணத்தை வேறு யாரோ கட்டிவிடுவார்கள். உங்கள் அண்ணன் மாதிரி ஆட்கள்தான் சொந்தக் கூலியிலிருந்து கட்டுகிறார்கள். இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

குகை ஜெராக்ஸ்காரன்

தறிக்காரர் அண்ணா, நீங்கள் சொல்வது உண்மை. இரண்டு வகையையும் என் கடையில் பார்க்கிறேன். டம்மியாக வருபவருக்குத் தன் மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாது. எங்கள் அண்ணன் பிரமாணப் பத்திரத்தை வரிக்கு வரி படிப்பார். எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது, அதனால் நிலம், நகை, வாகனம், பங்குப் பத்திரம், கடன் என்று ஒவ்வொன்றுக்கும் நேராக "இல்லை, இல்லை" என்று எழுதிக்கொண்டே போவார். கொலுசு செய்கிறவரின் பத்திரத்தில் வெள்ளிக்கு நேராகவும் "இல்லை"தான். வங்கி இருப்பு வருகிற இடத்தில் மட்டும் பாஸ்புக்கை எடுத்துப் பைசா வரைக்கும் எழுதுவார்.

டெபாசிட்டுக்கு அவர் வழி மாதச் சீட்டு. ஐந்து வருடத்துக்கு ஒரு சீட்டு சட்டமன்றத்துக்கு, ஒன்று நாடாளுமன்றத்துக்கு. அவர் மனைவியான அக்கா ஆரம்பத்தில் சண்டை போட்டார்கள். மகள் கல்யாணம் முடிகிற வரைக்கும் நிற்கக்கூடாது என்று கேட்டதால் 2014-ஐ விட்டுக்கொடுத்தார். கல்யாணம் முடிந்து 2016-ல் மறுபடியும் வந்தார். அந்த வருடமே உள்ளாட்சித் தேர்தலுக்கும் மனு கொடுத்தார், தாக்கல் முடிந்த பிறகு உயர் நீதிமன்றம் அந்தத் தேர்தல் அறிவிப்பையே ரத்து செய்தது. மாநகராட்சி வார்டில் நிற்க 2022 பிப்ரவரி வரைக்கும் காத்திருந்தார்.

செலவுக் கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேட்பாளருக்கு ஒரு பதிவேடு கொடுப்பார்கள், அன்றாடச் செலவுக்கு வெள்ளைத் தாள், ரொக்கத்துக்கு இளஞ்சிவப்பு, வங்கிக்கு மஞ்சள். முடிவு வந்து 30 நாளுக்குள் கணக்கைக் கொடுக்காவிட்டால் மூன்று வருடம் வரைக்கும் நிற்க முடியாமல் தகுதி நீக்கம் செய்யலாம். நிறையச் சுயேச்சைகள் விழுவது இங்கேதான். தோற்ற பிறகு யாருக்கு கணக்கு எழுத மனசு வரும்? அண்ணன் எழுதுவார். "நோட்டீஸ் 1,000, டீ 2, வாடகை சைக்கிள்" என்று என் கடை மேஜையில் உட்கார்ந்து எழுதுவார். என் ஜெராக்ஸ் கூலிக்கும் ரசீது கேட்டு வாங்குவார். ஒருமுறை காசு வேண்டாம் என்றேன். "அப்படின்னா அதை நன்கொடைன்னு எழுதணும் தம்பி, உன் பெயர் உள்ளே வரும், பரவாயில்லையா?" என்றார். பரவாயில்லை என்றேன். எழுதிக்கொண்டார்.

சின்னம் இன்னொரு பாடு. மனு வாபஸ் நாள் முடிந்துதான் சுயேச்சைக்குச் சின்னம். 2021-ல் மார்ச் 22 மாலை கிடைத்தது, ஏப்ரல் 6 வாக்குப்பதிவு. பதினைந்து நாளில் ஒரு சின்னத்தை இத்தனை தெருவுக்கு எப்படிச் சொல்வது? போன தடவை மனதில் பதிந்தது இந்தத் தடவை வேறு யாருக்கோ போயிருக்கும்.

மேட்டூரான்

ஜெராக்ஸ் அண்ணா, எண்ணிக்கை அன்றைக்கு அவர் போவாரா?

குகை ஜெராக்ஸ்காரன்

போவார். 2024-ல் கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரிக்கு நானும் பஸ்ஸில் கூடப் போனேன், எனக்கு உள்ளே அனுமதி இல்லை. சேலம் நாடாளுமன்றத்துக்கு ஆறு சட்டமன்றத் தொகுதி. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பல மேஜைகளில் எண்ணுகிறார்கள். பெரிய கட்சிகளுக்கு எல்லா மேஜையிலும் ஆள். இவர் ஒற்றை ஆள். அதனால் தெற்குத் தொகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, கடைசிச் சுற்று வரை மேஜை மேஜையாக நடந்து எழுதியிருக்கிறார். வெளியே வந்தபோது கையில் நான்கு தாள், இரண்டு பக்கமும் எண்கள்.

சில வாரம் கழித்துச் சாவடிவாரியான முடிவு, ஃபார்ம் 20, இணையத்தில் வரும். அதை நான்தான் அச்செடுத்துக் கொடுப்பேன். ஒரு நீளமான நோட்டில் ஒவ்வொரு சாவடிக்கும் தனக்கு விழுந்ததை ஏற்றுவார். சைபர், ஒன்று, சைபர், நான்கு, இரண்டு. சைபர் வந்தால் பேனாவை எடுக்காமல் அடுத்ததற்குப் போய்விடுவார். ஒரு சாவடியில் 11 இருந்தது. நோட்டைத் திருப்பி முந்தைய தேர்தலைப் பார்த்தார். அங்கே 3. அந்த 11-ஐச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு, அந்தச் சாவடி எந்தெந்தத் தெரு என்று வாக்காளர் பட்டியலில் பார்க்கச் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் அழைத்துக்கொண்டு அந்தத் தெருக்களுக்குப் போனார். ஆற்றோரத் தெருக்கள், கொசு மொய்க்கிற இடம். வீட்டுக்கு வீடு நின்று கும்பிட்டு நன்றி சொன்னார். "தேர்தல்தான் முடிஞ்சிருச்சே ஐயா, இப்ப எதுக்கு?" என்று ஒரு பெண் கேட்டார். "இந்தச் சாவடியில பதினோரு பேர் எனக்குப் போட்டிருக்காங்கம்மா. யாருன்னு எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. அதனால எல்லாருக்கும் சொல்லிட்டுப் போறேன்" என்றார். அந்தப் பெண் கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். தானும் போட்டதாகச் சொல்லவில்லை. அண்ணனும் கேட்கவில்லை.

ஏற்காடு டீச்சர்

அந்த நோட்டைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். மழையில் நனையாமல்.

குகை ஜெராக்ஸ்காரன்

சொல்லிவிட்டேன் டீச்சர். பழைய பக்கங்களை ஸ்கேன் செய்து என் கம்ப்யூட்டரிலும் வைத்திருக்கிறேன். போன வாரம் போன் செய்தார். பட்டியலைத் திருத்தியிருக்கிறார்களாம், என் பாகம் எண்ணும் வரிசை எண்ணும் மாறியிருக்கிறதா பார்த்துச் சொல்ல வேண்டுமாம். மற்ற ஒன்பது பேருக்கும் அவரே நேரில் போய்ப் பார்த்துவிட்டாராம். எனக்கு வரிசை எண் மாறியிருந்தது. சொன்னேன், எழுதிக்கொண்டார்.