சின்னப் பிள்ளைகளும் துப்பறியும் படப்புத்தகங்களும்: மறக்க முடியாம நிக்கிற ஒரு சம்பவம் சொல்லுங்க

மேலூர் வாத்தியார்

ஷெர்லக் ஹோம்ஸ் துப்பறியுற, நாய் குரைக்காத கதை, ‘சில்வர் பிளேஸ்’, 1892. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். அதை பட்டன் அமுக்கினா சத்தம் வர்ற படப்புத்தகமா ஆறு வயசுப் பிள்ளைககிட்ட கொடுத்திருந்தாங்க. குதிரை கனைக்குது, கதவு கிறீச்சிடுது, நாய் பட்டனை அமுக்கினா ஒண்ணுமில்ல. ஒரு பொண்ணு நாலஞ்சு தடவை அமுக்குச்சு, புத்தகத்தைக் காதோட ஒட்டி வச்சுப் பார்த்துச்சு, அப்புறம் “பேட்டரி போச்சு சார்”னு நீட்டுச்சு. கதையோட உயிரே அந்த அமைதிதான்: ராத்திரி வந்தவன் நாய்க்குத் தெரிஞ்ச ஆளு, அதான் குரைக்கலை. பிள்ளைக்கு அது ரிப்பேராத் தெரிஞ்சிருச்சு.

நாய் குரைக்கிறதை முந்தின பக்கத்துலயே ஒரு தடவை கேக்க வைக்கணும். மூலக்கதையில சாயங்காலம் ஒரு வெளியாள் லாயத்துப் பக்கம் வர்றான், வேலைக்காரப் பையன் நாயை அவுத்துவிட ஓடுறான். குரைப்பு அந்த இடத்துக்குச் சரியாப் பொருந்தும். ராத்திரிப் பக்கத்துல பட்டன் அமுக்குறப்ப ஒரு சின்ன பல்பு மட்டும் எரியட்டும். பேட்டரி இருக்கு, நாய்தான் சும்மா இருக்குன்னு பிள்ளையே கண்டுபிடிச்சிரும். இந்த மாதிரி புத்தகத்துல பட்டன் செல் (சின்ன வட்டப் பேட்டரி) மூடி திருகாணி போட்டதான்னு பார்த்து வாங்குங்க. கழண்டு வந்து பிள்ளை முழுங்கிட்டா உயிருக்கே ஆபத்து.

திருநகர் கதைசொல்லி

ஹோம்ஸோட நீலக்கல் கதை (1892 ஜனவரி). வாத்தோட இரைப்பைக்குள்ள ரத்தினம் இருக்கும், கொலை கிடையாது, அஞ்சு வயசுக்கு அதைவிட நல்ல கதை இல்லை. ஹோம்ஸ் கடைசியில திருடனை மன்னிச்சு அனுப்பிடுவார். அந்தப் பக்கத்தோட புத்தகம் முடிஞ்சிருச்சு. எல்லாரும் எழுந்தாச்சு, ஒரு பையன் மட்டும் எழுந்திரிக்கலை. “அந்த பிளம்பர் மாமா இன்னும் ஜெயில்லயா இருக்காரு?”

பொய்ப் பழி சுமந்த ஹார்னரைத்தான் கேக்குறான். மூலத்துல ஹோம்ஸே இதுக்குப் பதில் சொல்றார்: திருடின ரைடர் இனிமே சாட்சி சொல்ல வரமாட்டான், வழக்கு தானா விழுந்துரும்னு. சுருக்கி எழுதினவங்க அந்த ஒரு வரியைத்தான் வெட்டியிருக்காங்க. எதை வேணா வெட்டுங்க, பழி சுமந்தவன் வீடு திரும்புற படம் ஒண்ணு கட்டாயம் இருக்கணும்.

இன்னொண்ணு: வாத்தோட சேர்ந்து கிடைச்ச தொப்பியில மெழுகுக் கறை இருக்கிறதால தொப்பிக்காரர் வீட்ல கேஸ் இல்லைன்னு ஹோம்ஸ் சொல்றது. நம்ம பிள்ளைகளுக்கு கேஸ்னா சிலிண்டர். “அப்ப சோறு எப்படி ஆக்குவாங்க?”னு கிளம்பிருவாங்க. முந்தின பக்கத்துல ஒரு வீட்டுச் சுவர்ல கேஸ் விளக்கு, பக்கத்து வீட்ல மெழுகுவர்த்தி வரைஞ்சிருந்தா ஒரு வார்த்தை விளக்கம் வேண்டாம்.

ஒத்தக்கடை

லண்டன் வரைக்கும் எதுக்குப் போகணும்? மதுரையிலயே வழக்கு இருக்கு. ரெண்டு சிலம்பு, ரெண்டு மடிப்பு (பக்கத்துல ஒட்டின, தூக்கித் திறக்கிற அட்டை). ராணியோடதைத் திறந்தா முத்து, கண்ணகியோடதைத் திறந்தா மாணிக்கம். ரெண்டையும் திறந்து பார்த்த ஒரு சின்னப் பொண்ணு: “ராஜா இதை முதல்லயே உடைச்சுப் பார்த்திருக்கலாம்ல?” அங்க இருந்த பெரியவங்க யாருக்கும் வாயே வரலை.

மேலூர் வாத்தியார்

ஒத்தக்கடை, கேள்வி அருமை. ஆனா அது துப்பறியும் கதை இல்லையே. யார் எடுத்தான்னு யாரும் தேடலை.

ஒத்தக்கடை

தேடாததுதான் சார் வழக்கே. எடுத்த பொற்கொல்லன் கதைக்குள்ளயே இருக்கான், ராணி சிலம்பும் கோவலன் காட்டின சிலம்பும் ரெண்டையும் கண்ணால பார்த்தவன் அவன் ஒருத்தன்தான். பட்டறைப் படத்துல மேசைக்கு அடியில ஒரு பெட்டி மடிப்பு வச்சா பிள்ளைகளே தேடிப் பிடிப்பாங்க. கொலையைக் காட்ட வேண்டாம், தர்பார் வரைக்கும் போதும்.

செல்லூர் பைண்டிங்

மடிப்பைப் பத்தி எல்லாரும் பேசுறீங்க, அது கிழியிறதைப் பத்தி யாரும் பேசலை. ஒரு வகுப்புல பையன் வாத்து மடிப்பைத் தூக்கினான், இரைப்பையோட மொத்தமும் கையோட வந்துருச்சு. அவன் அழுத அழுகையில கதை நின்னு போச்சு. பிள்ளை முரட்டுத்தனமா இழுக்கலை, அட்டையை இழை (நார் ஓடுற திசை) பார்க்காம வெட்டியிருக்காங்க. அட்டையை மெல்ல வளைச்சுப் பாருங்க, எந்தப் பக்கம் லேசா வளையுதோ அதுதான் இழை. மடிப்புக் கோடு இழை போற திசையிலயே வரணும். குறுக்க வந்தா சீக்கிரமே வெடிச்சிரும்.

பக்கத்துக்கு 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளோட எடை, கிராம்ல), மடிப்புக்கு 200 போதும். நாலு வயசுக்கு மடிப்பு 6 செ.மீ. சதுரத்துக்குக் குறையக்கூடாது. ஓரத்துல ஒரு ரூபாய் நாணயத்தை வச்சு பாதி வட்டம் வெட்டி விடுங்க, நகத்தால நோண்ட மாட்டாங்க. ஒட்டுற விளிம்பு 12 மி.மீ. மை தீர்ந்த பேனாவால கோடு அழுத்திட்டு அப்புறம் மடிங்க. ஃபெவிகாலை மெல்லிசா இழுத்து, பாரம் வச்சு ராத்திரி முழுக்க விடணும், தடிமனாப் பூசினா ஈரம் இறங்கி பக்கம் அலை அலையா நெளியும். செலோ டேப் வேண்டாம், மஞ்சளாகி விளிம்புல அழுக்கு பிடிக்கும்.

விரிச்ச ரெண்டு பக்கத்துக்கு நாலு மடிப்புக்கு மேல போனா புத்தகம் வாயைப் பிளந்துக்கிட்டு மூடாது. முதுகுப் பக்கம் தாளுக்குத் தாள் ஒரு செ.மீ. அகல அட்டைக் கீற்று வச்சுத் தைச்சா சரியாகும்.

முக்கியமா ஒண்ணு. திருநகர் அக்கா, உங்க புத்தகத்துல தொப்பி மடிப்புக்கு உள்ள “இவர் வீட்டில் கேஸ் இல்லை”னு அச்சடிச்சிருக்கு. அது விடை. உள்ள மெழுகுக் கறைதான் இருக்கணும், விடையைப் பிள்ளை சொல்லணும். விடையை உள்ள வச்சா எல்லா மடிப்பையும் சரசரன்னு திறந்துட்டு அடுத்த புத்தகத்துக்குப் போயிருவாங்க.

உரிமை பத்தியும் சொல்லிடுறேன். ஹோம்ஸ் கதைகளை எழுதின கோனன் டாயில் இறந்தது 1930. இங்க ஆசிரியர் இறந்து 60 வருஷம் வரைக்கும்தான் உரிமை, அதனால மூலக்கதை இப்ப எல்லாருக்கும் பொது. இந்தக் கதைகள் வந்த ஸ்ட்ராண்ட் பத்திரிகைக்கு வரைஞ்ச சிட்னி பாஜெட் 1908லயே இறந்துட்டார், அந்தப் படங்களையும் எடுக்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பு அப்படி இல்லை, அதுக்குத் தனி உரிமை உண்டு. மூலத்திலிருந்து சொந்தமா எழுதிக்கிறதுதான் சரி.

திருநகர் கதைசொல்லி

அண்ணே, விடை உள்ள இருக்கிறது எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு ஒரு தைரியம். முழுசா எடுக்கச் சொல்லாதீங்க. கடைசிப் பக்கத்துக்கு மாத்திக்கலாம்.

ஆனையூர் அம்மா

ஹோம்ஸோட ஆடும் மனிதர்கள் கதையில (1903) குச்சி மனுஷங்கதான் எழுத்து, கொடி பிடிச்ச ஆள் வந்தா வார்த்தை முடிஞ்சது. 247 எழுத்துக்கும் பொம்மை வரைஞ்ச ஒரு தாளைப் பார்த்ததும் ஒரு வாண்டு குப்புறப் படுத்துக்கிச்சு. ஆறே பொம்மை போதும்: ப, ட, ர, க, ம், ல். இதுல படம், கடல், பகல், பல், கல், கரம் எல்லாம் வந்துரும். பரலும் (சிலம்புக்குள்ள இருக்கிற மணி) வரும், ஒத்தக்கடைக்காரங்க சிலம்புக் கதைக்கு அதையே ரகசியச் சொல்லா வைங்க.

அடுப்படியிலயும் ஒரு சோதனை இருக்கு. தாள்ல மஞ்சளைக் குழைச்சுத் தேய்ச்சு, காயவிட்டு, தூளைத் தட்டிருங்க. மூணு கிண்ணத்துல மூணு சந்தேக நபர்கள் கைகழுவின தண்ணி: ஒண்ணு வெறும் தண்ணி, ஒண்ணு சர்க்கரைத் தண்ணி, ஒண்ணு துணி சோப்புத் தண்ணி. ஒவ்வொண்ணையும் தூரிகையால தொட்டு மஞ்சத்தாள்ல இழுக்கச் சொல்லுங்க, சோப்புத் தண்ணி மட்டும் சிவக்கும். துணி சோப்புதான் வேணும், காரம் குறைஞ்ச குளியல் திரவத்துல சிவக்காது. சுண்ணாம்புத் தண்ணி இன்னும் பளிச்சுன்னு காட்டும், ஆனா கண்ணுல பட்டா ஆபத்து, அதனால பிள்ளை கையில கொடுக்காதீங்க. சிவந்த தாள்ல எலுமிச்சைச் சாறு விட்டா திரும்ப மஞ்சளாகிரும், திருடன் தடயத்தை அழிச்ச பக்கத்துக்கு அதை வச்சுக்கலாம். ஆளுக்கொரு துண்டா முன்னாடியே வெட்டி வைங்க, ஒரே தாளுக்குப் பிடுங்கிக்கிட்டா கிண்ணம் கவிழ்ந்து எல்லாமே சிவந்துரும்.