முதுகில் நேர்க்கோட்டு விளிம்போடு ஒரு புண்: கேத் லேப் கதிர்வீச்சு பற்றிய அனுபவங்கள்

தோல் பிரிவுச் செவிலி, திருச்சி

எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வந்த நோயாளி ஒருவருக்கு ஐம்பது வயது கடந்திருக்கும், நல்ல பருமன். வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழே ஆறாத புண். ஊரில் படர்தாமரை என்று ஒரு களிம்பும், அது கேட்காதபோது படுக்கைப் புண் என்று வேறொரு களிம்பும் கொடுத்திருக்கிறார்கள். சட்டையைக் கழற்றிவிட்டு அவர் திரும்பி உட்கார்ந்த நொடியை என்னால் மறக்க முடியவில்லை. புண்ணின் மேல் விளிம்பும் பக்க விளிம்புகளும் அடிகோல் வைத்து இழுத்தவைபோல் நேராக இருந்தன. படர்தாமரை அப்படி வராது, படுக்கைப் புண்ணும் வராது.

எங்கள் மருத்துவர் புண்ணைத் தொடுவதற்கு முன்பே, "இதயத்தில் அடைப்பு நீக்கினார்களா? எவ்வளவு நேரம் ஆயிற்று?" என்று கேட்டார். "வைத்தியம் நெஞ்சுக்குத்தானே பார்த்தார்கள், முதுகுக்கு என்ன வந்தது?" என்று நோயாளி திருப்பிக் கேட்டார். கேத் லேபில், அதாவது எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே இதய ரத்தக் குழாய்க்குச் சிகிச்சை செய்யும் அறையில், எக்ஸ்ரே ட்யூப் மேசைக்கு அடியில் இருப்பதும், கதிர் முதுகு வழியாக நுழைவதும், நுழையும் இடத்துத் தோல்தான் மிகுதியாக வாங்கிக்கொள்கிறது என்பதும் இங்கே எழுதுபவர்களுக்குத் தெரியும். அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. திசுப் பரிசோதனைக்காக நான் எடுத்து வைத்த படிவத்தை மருத்துவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். கதிரால் வந்த புண்ணில் வெட்டி எடுத்தால் அந்த வெட்டே ஆறாமல் போகக்கூடும் என்றார்.

அவருடைய டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கிப் பார்த்தேன். ஸ்டென்டின் நீளம், விட்டம், செலுத்திய கான்ட்ராஸ்ட் மருந்தின் மில்லிலிட்டர் அளவு எல்லாம் இருந்தன. கதிரளவு பற்றி ஒரு வரிகூட இல்லை. எந்த மருத்துவமனை என்று தயவுசெய்து கேட்காதீர்கள். இப்படி வேறு யாரேனும் பார்த்திருக்கிறீர்களா என்பதுதான் என் கேள்வி.

பெடல் பக்கம் நிற்பவன், கோவை

நீங்கள் பார்த்த நேர்க்கோடு, கதிர் விழும் பரப்பைச் சுருக்கும் கொலிமேட்டர் தகடுகளின் விளிம்பு, சகோதரி. முழுவதும் மூடிப் பல மாதங்கள் ஆன ரத்தக் குழாயைத் திறக்கும் சி.டி.ஓ. சிகிச்சைகளில் இந்த ஆபத்து அதிகம், ஏனெனில் வயர் அடைப்பைக் கடக்கும்வரை கேமராவை ஒரே கோணத்தில் நிறுத்தி வைத்து மணிக்கணக்கில் முயல்வார்கள். கேமரா நோயாளியின் இடப்பக்கம் சாயும் எல்.ஏ.ஓ. கோணத்தில், அதற்கு எதிர்முனையில் உள்ள ட்யூப் வலது முதுகுக்கு அடியில் வந்துவிடும். மருத்துவர் நிற்பதும் வலப்பக்கம் என்பதால், சிதறும் கதிரில் பெரும்பங்கு அவருக்கும் போய்ச் சேரும். நோயாளி பருமனானவர் என்றால் படம் தெளிவாக வருவதற்காக இயந்திரம் தானாகவே அளவைக் கூட்டிக்கொள்ளும். அதை யாரும் கூட்ட வேண்டியதில்லை.

என்னை உறுத்துவது வேறொன்று. ஒரு மூத்த மருத்துவர், வயரை அப்படியே விட்டுவிட்டு, அடுத்து எந்தப் பலூனை எடுப்பது என்று பின்னால் நின்ற உதவியாளரிடம் திரும்பிப் பேசிக்கொண்டிருந்தார். கால் மட்டும் கதிரை ஓடவிடும் பெடலிலேயே இருந்தது. திரையில் படம் ஓடிக்கொண்டிருந்தது. அறையில் ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை. கன்ட்ரோல் அறையிலிருந்த நான் மைக்கில், "சார், கால்" என்றேன். அவர் காலை எடுத்தார், கண்ணாடி வழியாக என்னை ஒரு பார்வை பார்த்தார், அன்று முழுவதும் என்னுடன் பேசவில்லை. டெக்னீஷியன் மருத்துவரின் காலைப் பற்றிப் பேசக்கூடாது என்பது எங்கள் துறையில் எழுதப்படாத விதி.

மறுநாள் துறைத் தலைவர் கூப்பிட்டு அனுப்பியபோது வசவுதான் விழப்போகிறது என்று நினைத்துக்கொண்டு போனேன். அவரோ, ஃப்ளூரோவை, அதாவது பெடலை மிதிக்கும்போது திரையில் ஓடும் நேரடி எக்ஸ்ரே படத்தை, நொடிக்கு 15 படங்களிலிருந்து 7.5 ஆகக் குறைத்து வைக்கச் சொன்னார்; இப்போதைக்கு வேறு யாருக்கும் தெரிய வேண்டாம் என்றும் சொன்னார். சில வாரங்கள் கழித்து நடந்த கூட்டத்தில், படத்தின் தரம் குறைந்ததாக யாருக்காவது தோன்றியதா என்று அவர் கேட்டபோது எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அன்றிலிருந்து, திரையில் காட்டும் கதிரளவு 2 கிரேயை (கிரே என்பது அதன் அலகு) தாண்டியவுடன், ஒவ்வொரு கிரேக்கும் ஒருமுறை உரக்கச் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. சினி எனப்படும் தெளிவான பதிவுப் படம் எடுத்தால் ஃப்ளூரோவைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு கதிர் செலவாகும் என்பதால், பலூன் விரிந்ததைப் பதிவு செய்வதற்கு மட்டும் சினி எடுக்காமல், ஓடிய ஃப்ளூரோவையே சேமித்துக்கொள்ளும் வழக்கமும் அப்போதுதான் வந்தது.

ஸ்டென்ட் வைத்துக்கொண்டவன், நாகர்கோவில்

இரவில் மாரடைப்பு வந்து, விடிவதற்குள் ஆஞ்சியோபிளாஸ்டி எனும் அடைப்பு நீக்கும் சிகிச்சை செய்யப்பட்டு உயிர் பிழைத்தவன் நான். மேசையில் படுத்திருந்தபோது என் முகத்துக்கு மேலே அந்தப் பெரிய சதுரக் கேமரா இறங்கி வந்து மூக்கை உரசுவதுபோல் நின்றதும், நான் பயந்து தலையைத் திருப்பிக்கொண்டதும் மட்டுமே நினைவில் இருக்கின்றன.

இந்த இழையைப் படித்துவிட்டு நாளை ஒருவர் நெஞ்சு வலியோடு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் அந்தப் பாவம் யாரைச் சேரும் என்று எழுதுபவர்கள் யோசிக்க வேண்டும். மாரடைப்பில் நிமிடங்கள் கடக்கக் கடக்க இதயத் தசை செத்துக்கொண்டே போகிறது. அந்த நேரத்தில் முதுகுத் தோலைப் பற்றி விவாதிப்பவர் யாரும் இல்லை. எங்கள் மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்னும் கதிரியக்கத் தாது இருக்கிறது. இயற்கைக் கதிர்வீச்சு மற்ற ஊர்களைவிட அங்கே அதிகம் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்தி. கேரளத்துக் கருநாகப்பள்ளியில் அதேபோன்ற மணலில் வாழும் மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து, புற்றுநோய் கூடுதலாக இல்லை என்றே 2009-இல் வெளியிட்டார்கள். ஆகவே உறவினர்களுக்கு நான் சொல்வேன்: மருத்துவர் உடனே ஆஞ்சியோ (இதய ரத்தக் குழாய்களைப் படம் பிடிப்பது) வேண்டும் என்றால் கையெழுத்துப் போடுங்கள், கதிர்வீச்சு என்று இணையத்தில் தேடாதீர்கள், சிகிச்சை முடிந்தபின் மாத்திரையை நிறுத்தாதீர்கள், புகையை விடுங்கள், நடைப்பயிற்சியை ஒத்திப்போடாதீர்கள், சர்க்கரையை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பாருங்கள்.

மருத்துவ இயற்பியல் பணியாளர்

நாகர்கோவில் ஐயா சொன்னதில் முதல் பாதி முற்றிலும் சரி. மாரடைப்பின்போது கதிரளவைக் காரணம் காட்டிச் சிகிச்சையை மறுப்பது அறிவீனம். ஆனால் மணலை இதற்குள் கொண்டுவருவது பொருந்தாது. மணவாளக்குறிச்சியில் கிடைப்பது முழு உடலுக்கும் ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக மில்லிசீவர்ட் (முழு உடலுக்கான பாதிப்பைக் கணக்கிடும் அலகு) கணக்கில் கிடைப்பது. புற்றுநோய் வாய்ப்பைப் பற்றிய பேச்சு அது. முதுகுப் புண் அப்படிப்பட்டதன்று. உள்ளங்கை அகலத் தோல் ஒரே நாளில் கிரே கணக்கில் வாங்குவதால் வருவது. அதற்கு ஒரு வாசல் அளவு உண்டு, அதைத் தாண்டினால்தான் தோலில் தெரியும். ஏறத்தாழ 2 கிரேயில் தோல் சிவந்து மறையலாம். அளவு பல மடங்கு கூடினால் மாதங்கள் கழித்துத் திசுவே செத்துப்போகும். ஒரு சராசரி ஆஞ்சியோவில் உடலுக்குச் சேரும் 7 மில்லிசீவர்ட்டை மார்பு எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டுப் பேசுபவர்களும் இந்த இரண்டையும் குழப்பிவிடுகிறார்கள்.

இது புதிதாகக் கண்டுபிடித்த செய்தியும் அன்று. 1990 மார்ச்சில் அமெரிக்கர் ஒருவருக்கு ஒரே நாளில் ஆஞ்சியோ, ஆஞ்சியோபிளாஸ்டி, சிக்கல் வந்ததால் மறுபடியும் ஆஞ்சியோ என்று செய்யப்பட்டன. ஒன்றரை ஆண்டுக்கும் மேலாகியும் முதுகுத் தோல் செத்துக்கொண்டிருந்ததால், கடைசியில் தோல் ஒட்ட வேண்டியதாயிற்று. இத்தகைய நிகழ்வுகளைப் பார்த்துத்தான் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 1994-இல் எச்சரிக்கை வெளியிட்டது. இயந்திரம் காட்டும் அளவு 5 கிரேயைத் தொட்டால் நோயாளியிடம் சொல்லி, சில வாரங்கள் கழித்து முதுகைப் பார்க்க வரச்சொல்ல வேண்டும் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட நடைமுறை. திருச்சியிலிருந்து எழுதியவர் கேட்ட அந்த ஒரு வரி சம்மரியில் இருந்திருந்தால் களிம்புக்கு வேலையே இருந்திருக்காது.

இனி என் அனுபவம். நான் முன்பு பணியாற்றிய இடத்தில், காலாண்டு முடிவில், பணியாளர் வாங்கும் கதிரை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ்களைத் திரட்டி ஆய்வகத்துக்கு அனுப்புவது என் வேலை. ஈயச் சட்டைக்கு உள்ளே மார்பில் அணிய வேண்டிய பேட்ஜ் அது. முடிவுகள் வந்தபோது, அந்த மருத்துவமனையில் மிக அதிகமாகச் சிகிச்சை செய்பவர் என்று எல்லோரும் அறிந்த மருத்துவரின் அளவு, கேத் லேப் வாசலையே மிதிக்காத அலுவலகப் பணியாளரின் அளவைப் போலவே இருந்தது. அவருடைய அறைக்குப் போய் விசாரித்தேன். மேசை இழுப்பறையைத் திறந்து, பிளாஸ்டிக் உறை பிரிக்காத பேட்ஜை எடுத்து என் கையில் வைத்து, "பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன்" என்று சிரித்தார். ஆண்டுக்குச் சராசரி 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக்கூடாது என்ற அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பை அவர் தாண்டினாரா என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வரம்பை நெருங்கினால் விசாரணை வரும், சிறிது காலம் கேத் லேபுக்கு வெளியே நிற்க வேண்டிவரும் என்ற பயம்தான் காரணம். கோவைத் தம்பி மருத்துவரின் காலைப் பற்றிப் பேசினார். இழுப்பறையைப் பற்றிப் பேசுவது அதைவிடக் கடினம்.

கோலாலம்பூர் செவிலி

பேட்ஜை ஒழுங்காக அணிந்தாலும் அது கண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லாது, அக்கா. 2010-இல் வெளிவந்த எங்கள் ஊர் ஆய்வு பலருக்கும் நினைவிருக்கும். பன்னாட்டு அணுசக்தி முகமையின் முயற்சியில் இங்கே கண்களைப் பரிசோதித்தபோது, 56 இதய மருத்துவர்களில் 29 பேருக்கும், 11 செவிலியரில் 5 பேருக்கும் கண் வில்லையின் பின்பக்கத்தில் மங்கல் புள்ளிகள் தெரிந்தன. கதிரோடு தொடர்பில்லாத 22 பேரில் அது 2 பேருக்கே இருந்தது. பெரும்பாலும் பார்வையைக் கெடுக்காத தொடக்க நிலை மாற்றங்கள்தாம். ஆனாலும் மறு ஆண்டே கண் வில்லைக்கான ஆண்டு வரம்பை 150 மில்லிசீவர்ட்டிலிருந்து 20 ஆகக் குறைக்கும்படி பன்னாட்டுக் கதிரியல் பாதுகாப்புக் குழு பரிந்துரைத்தது.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில், கூரையிலிருந்து தொங்கும் ஈயக் கண்ணாடித் தடுப்பை யாரும் இறக்குவதில்லை. கைக்கு இடைஞ்சல் என்று மேலே தள்ளிவிடுவார்கள். ஒருநாள் எங்கள் தலைமை மருத்துவர் கண் பரிசோதனைக்குப் போய்விட்டு வந்தார். வலக்கண் தெளிவாக இருக்கிறது, இடக்கண்ணில் புள்ளி தெரிகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். ட்யூபும் நோயாளியின் மார்பும் அவருக்கு இடப்பக்கம்தானே இருக்கும். கையுறையை மாட்டிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் அந்தத் தடுப்பை இழுத்தார். அது அசையவில்லை. மூட்டு இறுகிப் போயிருந்தது. இரண்டு பேர் சேர்ந்து தொங்கித்தான் அதைக் கீழே கொண்டுவர முடிந்தது.

இதயவியல் பயிற்சி மருத்துவர், மதுரை

இயந்திரத்தையும் பேட்ஜையும் பற்றி எல்லோரும் எழுதிவிட்டீர்கள். பெடலை மிதிப்பவன் என்ற முறையில் நானும் ஒன்றைச் சொல்கிறேன். ஆறாம் மாதக் கர்ப்பிணி ஒருவர், மைட்ரல் வால்வு சுருங்கி, நுரையீரலில் நீர் கோத்து மூச்சுவிட முடியாமல் வந்தார். மருந்துக்கு அடங்கவில்லை, பலூனால் வால்வை விரிக்க முடிவாயிற்று. மேசையில் ஏறும் முன் அவர் கேட்ட ஒரே கேள்வி, "பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதே?" என்பதுதான். கதிர் மார்பில் மட்டும் விழும், பிள்ளைக்குச் சேருவது தாயின் உடலுக்குள் சிதறிப் போகும் சிறு பங்கு, கருவுக்குக் கேடு விளைவிக்கும் என்று கருதப்படும் 100 மில்லிகிரேக்கு அது வெகு தொலைவு கீழே என்று எங்கள் பேராசிரியர் பொறுமையாக விளக்கினார்.

பிறகு என் பக்கம் திரும்பி, பெடலை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் எதற்காக மிதிக்கிறாய் என்று முதலில் வாயால் சொல்ல வேண்டும் என்றார். இரு மேலறைகளுக்கும் இடையிலுள்ள சுவரை ஊசியால் துளைக்கும் கட்டம் வந்தது. "ஊசியின் முனை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும்" என்று சொல்லிக் காலைத் தூக்கினேன். "எக்கோவில் தெரிகிறதே, பார்" என்றார். ஒலியலையால் இதயத்தைக் காட்டும் அந்தத் திரையில் தெரிந்தது. தூக்கிய காலை அப்படியே பின்னால் வைத்தேன். அந்தச் சிகிச்சை முழுவதிலும் ஃப்ளூரோ விட்டுவிட்டுச் சில நொடிகள் மட்டுமே ஓடியது. சினி எடுக்கவே இல்லை.

வயிற்றைச் சுற்றி ஈயச் சட்டை கட்டினீர்களா என்று இதைக் கேட்பவர்கள் எல்லோரும் விசாரிக்கிறார்கள். கட்டினோம், தாய்க்கு அது மனத் தெம்பு. உள்ளே சிதறி வருவதை வெளியே கட்டும் ஈயம் தடுக்காது. கதிர் விழும் பரப்பைச் சுருக்கியதும், கேமராவை மார்புக்கு மிக அருகே இறக்கியதும், எல்லாவற்றுக்கும் மேலாக மிதிக்காமல் இருந்ததும்தான் பிள்ளையைக் காத்தவை. நாகர்கோவில் ஐயா முகத்தை உரசுவதுபோல் கேமரா வந்தது என்று பயந்தாரே, அது நல்ல கேத் லேபின் அடையாளம். கேமரா எவ்வளவு விலகி நிற்கிறதோ அவ்வளவுக்கு முதுகுதான் கூடுதலாக வாங்கும்.

ஸ்டென்ட் வைத்துக்கொண்டவன், நாகர்கோவில்

மணலைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. இருந்தாலும் கேட்கிறேன்: எனக்குச் சேர்ந்த அளவை இப்போது தெரிந்துகொள்ள முடியுமா?

பெடல் பக்கம் நிற்பவன், கோவை

முடியும் ஐயா. சிகிச்சை முடிந்ததும் ஒரு குறுந்தகடு கொடுத்திருப்பார்களே, சில இயந்திரங்களில் படங்களுக்குப் பிறகு கதிரளவு அறிக்கையும் அதில் ஒரு பக்கமாகப் பதிவாகியிருக்கும். இல்லையென்றால் அந்தக் கேத் லேபின் பதிவேட்டில் பார்த்துச் சொல்லும்படி எழுதிக் கொடுங்கள். கிரே என்ற அலகில் இருக்கும் எண்ணைக் கேளுங்கள். எத்தனை நிமிடம் ஃப்ளூரோ ஓடியது என்பதை மட்டும் சொன்னால் அது போதாது.

ஸ்டென்ட் வைத்துக்கொண்டவன், நாகர்கோவில்

குறுந்தகடு பீரோவில் பத்திரமாக இருக்கிறது. அதைப் போட்டுப் பார்க்கும் வசதிதான் இப்போது வீட்டிலுள்ள எந்தக் கணினியிலும் இல்லை. திங்கட்கிழமை மருத்துவமனைக்கே எழுதிக் கொடுக்கிறேன்.