ஸ்காபரோவில கொண்டோ: மோட்கேஜ் (வீட்டுக் கடன் தவணை) 3,250 எண்டால் மாதம் உண்மையில எவ்வளவு போகும்?

புதுவரவு:
வணக்கம். நாளைக்கு இரவு 9 மணிக்குள்ள ஒஃபர் (வாங்குறம் எண்ட விலைக் கடிதம்) குடுக்கச் சொல்லி ஏஜென்ட் நெருக்குறார். ரெண்டு அறைக் கொண்டோ (அடுக்குமாடி வீடு), விலை 600,000 டொலர். கையில 35,000 இருக்கு. 25 வருசம், 4.5 வீத வட்டி, மாதம் 3,250 வருமாம். இப்ப வாடகை 2,600. கொண்டிஷன் (நிபந்தனை) ஒண்டும் போடாமல் குடுத்தால்தான் கிடைக்குமாம். நித்திரை வரேல்லை. எடுக்கலாமா?

மார்க்கம் வாசி:
தம்பி, கொண்டோவே வேண்டாம். ஏஜாக்ஸ் பக்கம் மாதாமாதம் ஃபீ (கட்டடப் பராமரிப்புக் காசு) இல்லாத டவுன்ஹவுஸ் பாருங்கோ.

வெல்லெஸ்லி:
ஃபீ இல்லாட்டி செலவு இல்லையெண்டு ஆகாது. கூரை, ஃபர்னஸ், ஏசி எல்லாம் உங்கட தலையில. வருசம் விலையில ஒரு வீதமாவது ஒதுக்கவேணும்; 700,000 வீட்டுக்கு மாதம் 580. சுடுதண்ணி ராங்க் வாடகையெண்டால் அந்த ஒப்பந்தமும் உங்களுக்குத்தான் வரும்.

மார்க்கம் வாசி:
அந்தக் காசு உங்கட கையிலயே இருக்கும், எப்ப செலவழிக்கிறதெண்டு நீங்களே முடிவெடுக்கலாம். கொண்டோவில போர்ட் (நிர்வாகக் குழு) நினைச்சால் ஃபீயை ஏத்தும்.

ஏரிக்கரை:
புதுக் கட்டடமெண்டால் இன்னொரு பொறி. முதல்ல வாற சொத்துவரி பில் நிலத்துக்கு மட்டும்தான். கட்டடத்துக்கான வரி பிறகு, நடப்பு வருசத்துக்கும் முந்தின ரெண்டு வருசத்துக்கும் சேர்த்து ஒரே அடியா வரலாம். புதுசா வாற சனத்துக்கு இதை ஒருத்தரும் சொல்லுறதில்லை. ஏஜென்ட்மாருக்கு கொமிஷன் வந்தால் காணும்!

கணக்கர்:
தம்பி கேட்டதுக்கு இன்னும் பதில் வரேல்லை. முதல்ல நாலு விசயம் சொல்லுங்கோ: நிரந்தர வதிவிடமா, வேர்க் பெர்மிட்டா? பெர்மிட் எண்டால் பெரும்பாலும் விலையில 25 வீத மாகாண வரி தனியா விழும். கொண்டோ ஃபீ எவ்வளவு? போன வருசச் சொத்துவரி எவ்வளவு? ஊரில உங்கட பேரிலயோ மனுசியின்ட பேரிலயோ வீடு இருக்கா?

புதுவரவு:
நிரந்தர வதிவிடம், மாசியில வந்தனாங்கள். ஃபீ 690, வரி வருசம் 2,640. மனுசியின்ட பேரில கொக்குவில்ல சீதன வீடு இருக்கு. அதுக்கும் இதுக்கும் என்ன?

கணக்கர்:
அங்கதான் சிக்கல். முதல் வீடு வாங்குறவைக்குக் காணி மாற்று வரியில (வீடு வாங்கேக்க கட்டுற வரி) தாற கழிவுக்கு உலகத்தில எங்கயும் வீடு இருந்திருக்கக் கூடாது. கலியாணத்துக்குப் பிறகு துணைக்கு வீடு இருந்தாலும் கழிவு இல்லை. ஸ்காபரோ ரொறன்ரோ நகரத்துக்குள்ள, அதால காணி மாற்று வரி ரெண்டு: மாகாணத்துக்கு 8,475, நகரத்துக்கு 8,475. கழிவு இல்லாததால முழு 16,950-உம் கட்டவேணும்.

உங்கட 35,000 சரியா ஆகக் குறைஞ்ச முற்பணம்: முதல் 500,000-க்கு 5 வீதம், மிச்ச 100,000-க்கு 10 வீதம். அதால 4 வீத மோட்கேஜ் காப்புறுதி (கடன் குடுத்தவருக்கான பாதுகாப்பு), 22,600, கடனோட சேரும். ஆனால் அதுக்கான 8 வீத ஒன்ராறியோ வரி 1,808-ஐக் காசாக் கட்டவேணும். லோயருக்கு 2,000 போட்டால் திறப்பு வாங்குற நாளுக்கு 55,758 தேவை. 20,000-க்கு மேல துண்டு விழுது.

மாதக் கணக்கு: மோட்கேஜ் 3,250, ஃபீ 690, சொத்துவரி 220, கறண்ட் 80, வீட்டுக் காப்புறுதி 45. மொத்தம் 4,285. முதல் மாதத் தவணையில 2,180 வட்டிக்கே போகும்.

புதுவரவு:
பாங்க் ஓமெண்டு சொல்லிட்டுதே?

கணக்கர்:
பாங்க் தகுதி பாக்கேக்க கொண்டோ ஃபீயில அரைவாசியைத்தான் கணக்கில எடுக்கும். நீங்கள் 690-உம் கட்டுவியள்.

வெல்லெஸ்லி:
கொண்டிஷன் இல்லாமல் கையெழுத்து வைக்காதேங்கோ. ஸ்டேட்டஸ் சேர்டிபிகேட் (கட்டடத்தின்ட நிலைமையைச் சொல்லுற, கொண்டோ நிர்வாகம் தாற பத்திரம்) கேளுங்கோ: கட்டணம் 100 டொலருக்கு மேல போகாது, 10 நாளுக்குள்ள தரவேணும். லோயர் அதில ரிசேர்வ் நிதி (பெரிய திருத்த வேலைக்கான சேமிப்பு), ஸ்பெஷல் அசெஸ்மென்ட் (ஃபீக்கு மேல கேக்கிற தனிக் காசு), வழக்கு மூண்டையும் பாக்கட்டும். 1995-க்கும் 2007-க்கும் இடையில கட்டினதெண்டால் கிடெக் குழாய் (பழுதாகிக் கசியுற தண்ணிக் குழாய் வகை) இருக்கோ எண்டும் கேளுங்கோ. காப்புறுதி எடுக்கேக்க, உங்கட அறையிலயிருந்து தண்ணி கசிஞ்சால் கட்டடக் காப்புறுதியின்ட டிடக்டபிள் (காப்புறுதி குடுக்க முதல் கையால கட்டுற தொகை) உங்களிட்ட வரலாம். அதையும் மூடுதோ பாருங்கோ.

மார்க்கம் வாசி:
நகர எல்லை தாண்டிப் பிக்கறிங் போனால் காணி மாற்று வரி ஒண்டுதான். அதையாவது யோசியுங்கோ.

புதுவரவு:
ஏஜென்டுக்கு நாளைக்கு ஒஃபர் இல்லையெண்டு இப்பதான் மெசேஜ் போட்டன். வாடகைக்கு மேல வாற 1,685-ஐ ஆனி மாதத்திலயிருந்து தனிக் கணக்கில போடப் போறம்.